சம்மதித்த வெரோனிக்கா

வெரோனிக்காவைக் கேட்காமலே வெரோனிக்கா சம்மதித்திருந்தாள்.

செய்தி வந்தபோது அவள் மன்னார் நண்டுக் கம்பனியில் நீண்ட அலுமினிய மேசைக்கு முன்னால் நின்று, அவித்த நண்டின் கால்களை உடைத்துச் சதை எடுத்துக்கொண்டிருந்தாள். தேநீருக்கு மணி அடித்த பிறகுதான் கையுறையைக் கழற்றிப் போனைப் பார்த்தாள். நல்லெண்ண ஆணைக்குழுவின் முத்திரை. மூன்று மொழிகளில் ஒரே செய்தி.

"காணாமற்போன உங்கள் சகோதரர் பிரான்சிஸ் சந்தியோகுவின் கோப்பை மூடுவதற்கு உங்கள் பிரதி தெரிவித்த சம்மதத்துக்கு நன்றி. ஆட்சேபனை இருப்பின் பதினான்கு நாட்களுக்குள் நேரில் வரவும்."

அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். மூன்றாம் முறை, தமிழ் தெரியாதவள்போல எழுத்தெழுத்தாக.

"என்னக்கா, முகம் அவிச்ச நண்டு மாதிரிக் கிடக்கு?" பக்கத்தில் நின்ற ஜெயசீலி எட்டிப் பார்த்தாள். பத்து வருடமாக ஒரே மேசையில் வேலை செய்பவள். ஒளிவுமறைவு தெரியாத வாய். "ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்ல. என்ர பிரதி என்னவோ ஓமெண்டு சொல்லிப்போட்டுதாம்."

"உங்கடயுமோ! என்ரது போன மாதம் என்ன சொல்லியிருக்கெண்டு தெரியுமோ? ஆமிக் காம்ப் அங்கயே இருக்கட்டாம், பாதுகாப்பாம். ஆற்ற காணியில இருக்கிற காம்ப்? எங்கட அப்பாவின்ர காணியில! எனக்குத் தெரியாமலே நான் காணியைத் தூக்கிக் குடுத்திட்டன்."

"நீ ஆட்சேபனை குடுக்கேல்லையோ?"

"குடுத்து?" ஜெயசீலி குரலைத் தாழ்த்தினாள். "அவையளுக்கு முன்னால போய் இருந்துகொண்டு, எனக்குக் காம்ப் வேண்டாமெண்டு என்ர வாயால சொல்லவோ? எனக்கென்ன விசரே?"

மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். வெரோனிக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, ஜெயசீலி முதலில் ஏன் அவ்வளவு உரத்துக் கேட்டாள் என்று யோசித்தாள்.

சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகி மூன்று வருடமாகிறது. அதன் ஒவ்வொரு அம்சமும் மக்களின் விருப்பத்தை அறிந்தே நடைமுறைக்கு வரும் என்று அதில் எழுதியிருந்தது. முதலில் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். வந்தவன் தமிழனென்றால் ஒரு பதில், சிங்களவனென்றால் ஒரு பதில், சீருடை போட்டவன் தெருமுனையில் நின்றால் வேறொரு பதில். அதற்குப் பிறகுதான் பிரதிகள் வந்தன. கடந்த இருபது வருடத்தில் ஒருவர் போனில் பேசியதையெல்லாம் தின்று, அவரைப்போலவே யோசித்து, அவரைப்போலவே பதில் சொல்லும் ஒரு குரல். வயதுவந்த எல்லோருக்கும் ஒன்று. ஆணைக்குழு மாதம் ஒருமுறை பிரதிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். முதலில் நீங்கள் யார்? இனத்தவரா, இந்த நாட்டவரா? பக்கத்து வீட்டுக்கு அடுத்த இனத்தவர் குடிவந்தால் சம்மதமா? நடந்ததை மறந்துவிடலாமா?

மனிதர் பயத்தில் பொய் சொல்வார்கள், பிரதிக்குப் பயமில்லை என்று ஆணைக்குழுவின் தலைவர் தொலைக்காட்சியில் சொன்னார்.

ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, நூற்றுக்கு எத்தனை பேர் சம்மதம் என்று முடிவு வரும். வடக்கு எண்பத்தெட்டு. தெற்கு நாற்பத்தொன்று. வடக்கு மன்னித்துவிட்டது, தெற்குதான் இன்னும் கொதிக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. அழாத பிள்ளைக்குப் பால் எதற்கு என்று உடன்படிக்கையில் வடக்குக்கு எழுதியிருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார்கள்.

இப்போது காணாமற்போனவர்களின் கோப்புகளுக்கு வந்திருந்தார்கள். நேரில் கண்ட சாட்சி உள்ள கோப்பைத் தொட முடியாது. சாட்சி இல்லாத கோப்பை, உறவினர் சம்மதித்தால் மூடலாம். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு சந்தியோகுவுக்கு உறவென்று இருந்தது வெரோனிக்கா ஒருத்திதான். அவளுடைய இரத்தம் ஒரு சிறு குழாயில் ஆணைக்குழுவின் குளிர் அறையில் இருந்தது. தீவில் எந்த மண்ணுக்குள்ளிருந்து எலும்பு வந்தாலும் அந்த இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கோப்பு மூடினால் குழாயை அழித்துவிடுவார்கள். பிறகு அண்ணன் எங்கேயாவது கிடைத்தாலும் யாருடையவனும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, தன் போனையும் கணவனின் போனையும் மீன் அனுப்பும் தடித்த ரெஜிபோம் நுரைப் பெட்டிக்குள் போட்டு மூடியை அழுத்தியதுதான். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருந்தது. பிள்ளைகளுக்குக்கூடக் காரணம் சொல்லத் தேவையில்லை. பெட்டி மூடினால்தான் வீடு வாய் திறக்கும்.

யூஜின் லொறியைக் கழுவிவிட்டு வந்து வாசல் திண்ணைக் குந்தில் இருந்தான். "இப்ப என்ன பிரச்சினை?"

"நீங்கள் ஆரோடயும் என்ர அண்ணாவைப் பற்றிக் கதைச்சனீங்களோ?"

"இதென்ன கேள்வி?"

"லொறிக்கு அனுமதிப் பேமிற் எடுக்கப் போனீங்கள்தானே. அங்க ஏதும் கேட்டவையோ? மனிசியின்ர கோப்பு ஒண்டு கிடக்கு, அதை முடிச்சுவிட்டால் பேமிற் தரலாமெண்டு?"

யூஜின் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் கோபப்படவில்லை, அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"இஞ்ச பாரப்பா, நான் ஒண்டும் சொல்லேல்ல. ஆனால் நீயும் அங்க போகாத. ஆட்சேபனை எண்டு ஒரு கதவைத் திறந்து வைச்சிருக்கிறதே ஆர் உள்ள வருகினமெண்டு பாக்கத்தான். இது எலிப்பொறி. கருவாட்டுத் துண்டு மாதிரி உன்ர அண்ணாவின்ர பேரைக் கட்டித் தூக்கியிருக்கிறாங்கள்."

"பேசாமல் விட்டால் கோப்பை மூடிப்போடுவினம்."

"முப்பத்து மூண்டு வருசம். திறந்து கிடந்து என்ன வந்தது?"

அவன் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து போனை எடுத்தான். எடுத்த உடனே, யாரோ கூப்பிட்டதுபோலக் குரலை மாற்றிக்கொண்டு, "ஓம் ஓம், சாப்பாடு ரெடியோ?" என்று அவளைப் பார்த்துக் கேட்டான். வழமைதான். ஆனால் அன்று அவளுக்கு உடம்பு கூசியது.

அடுத்த பத்து நாளும் அவள் எல்லோரையும் எண்ணிப்பார்த்தாள். ஜெயசீலி. யூஜின். காணாமற்போனவர்களுக்காக அம்மா இருந்த போராட்டக் கூடாரத்துக்கு வந்துபோன மனித உரிமைக்காரர். கம்பனி மேற்பார்வையாளர். சந்தியோகுவின் பெயரில் பூசை கேட்டபோது, உயிரோடிருக்கிறவருக்கா இறந்தவருக்கா என்று கேட்ட தேவாலயச் சுவாமி. ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு ஓட்டை தென்பட்டது. தேடினால் யாரிடமும் தென்படும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் தேடாமல் இருக்க முடியவில்லை. சந்தேகம் அவளுக்கு ஒரு குணமல்ல, ஒரு புலன். கண்ணையாவது மூடலாம், அதை மூட முடியாது.

பன்னிரண்டாம் நாள், யூஜின் நண்டு ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போன பிறகு, அவள் பஸ் ஏறி நகரத்துக்குப் போனாள்.

ஆணைக்குழுவின் கிளை, பழைய நெல் களஞ்சியம் ஒன்றைப் புதுப்பித்து வெள்ளையடித்த கட்டிடம். வாசலில் வரிசை இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒருவருமில்லை. இருபது பிளாஸ்ரிக் கதிரைகளும் வெறுமையாக இருந்தன.

உள்ளே இருந்த அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். நீலச் சேலை. மேசையில் தில்ஹானி என்று மூன்று மொழிகளில் பெயர்ப்பலகை.

"வாங்க அக்கா, இருங்க. நீங்கதான் இந்த மாசம் வந்த முதல் ஆள்."

நல்ல தமிழ். தெற்குக்காரிக்கு இவ்வளவு நல்ல தமிழ் எதற்கு என்று வெரோனிக்காவின் மனம் உடனே கேட்டது.

"தமிழ் எங்க படிச்சனீங்கள்?"

"மட்டக்களப்புல ரெண்டு வருசம். ஊர் குருநாகல்." தில்ஹானி சிரித்தாள். "எல்லாரும் முதல்ல இதைத்தான் கேக்கிறாங்க."

மேசை நடுவில் சவர்க்காரப் பெட்டி அளவில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. தில்ஹானி அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினாள். சிறு பச்சை விளக்கு எரிந்தது.

"ஹலோ?" என்றது பெட்டி.

வெரோனிக்கா தன் குரலை முதல் தடவையாக வெளியில் இருந்து கேட்டாள். கொஞ்சம் உயர்ந்த சுருதி. ஒவ்வொரு சொல்லின் ஓரத்திலும் ஒரு சிறு சிரிப்பு. வீட்டுக்கு வந்த அந்நியனுக்குக் கதிரை துடைத்துப் போடுகிற குரல்.

"வணக்கம்," என்றாள் தில்ஹானி. "பிரான்சிஸ் சந்தியோகுவின் கோப்பை மூடுவதற்கு நீங்கள் சம்மதிக்கிறீர்களா?"

"ஓம் ஓம், அதில ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லாம் பழைய கதைதானே. எல்லாரும் ஒற்றுமையா இருந்தாச் சரி."

"முதலில் நீங்கள் யார்?"

"நாங்கள் எல்லாரும் இந்த நாட்டுச் சனம்தானே மிஸ். தமிழ், சிங்களம் எண்டு ஒரு வித்தியாசமும் பாக்கிறேல்ல."

தில்ஹானி திரையைப் பார்த்தாள். "நூறு தரம் கேட்டாலும் தொண்ணூத்தாறு தரம் இதையேதான் சொல்லுது அக்கா. உறுதியான பிரதி."

வெரோனிக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள். யூஜின் இல்லை. ஜெயசீலி இல்லை. ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. இது அவளேதான். அம்மா சொல்லித் தந்த குரல். போனில் பேசும்போது ஒட்டுக் கேட்கிறவனுக்கும் சேர்த்துப் பேசு பிள்ளை என்பாள் அம்மா. அண்ணன் பெயரைச் சொல்லாதே. இல்லை என்ற சொல்லைச் சொல்லாதே. இருபது வருடம் அவள் அப்படித்தான் பேசினாள். ஊர் முழுக்க அப்படித்தான் பேசியது. அந்த எண்பத்தெட்டு எங்கிருந்து வந்ததென்று அவளுக்கு இப்போது விளங்கியது.

"மிஸ், இது நான் இல்லை," என்றாள். "இது நான் போனில கதைக்கிற கதை."

"வித்தியாசம் என்ன?"

"போனில ஆரும் உண்மை கதைப்பினமோ?"

தில்ஹானி கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, "எங்க அம்மாட பிரதி என்ன சொல்லுது தெரியுமா?" என்றாள். "வடக்குக்கு ஒரு அங்குலம் மண்ணும் குடுக்கக் கூடாதாம். நான் அதைக் கேட்டு அழுதிட்டேன். எங்க பக்கத்து வீட்டில தமிழ் ரீச்சர் ஒராள் தனிய இருக்காங்க. அவங்களுக்குக் காய்ச்சல் வந்தா, அம்மாதான் கஞ்சி வைச்சுக் கொண்டு போவாங்க."

"பிறகேன் அப்படிச் சொல்லுது?"

"மாமா, பெரியப்பா, அண்ணா எல்லாரும் போன்ல அப்படித்தான் கதைப்பாங்க. அம்மா மட்டும் வேற மாதிரிக் கதைச்சா, 'நீ யாரோட ஆள்' எண்டு கேப்பாங்கதானே. அதால அம்மாவும் சத்தமாச் சொல்லுவாங்க. போனை வைச்சிட்டுக் கஞ்சியைத் தூக்கிட்டுப் போவாங்க."

வெரோனிக்காவின் நெஞ்சு ஒரு கணம் இளகியது. அடுத்த கணமே இறுகியது. தன் கதையைச் சொல்லி மற்றவரின் கதையை வெளியில் எடுப்பது விசாரிப்பவர்களின் பழைய வித்தை. ஒரு கதை போட்டால் ஒரு கதை எடுக்கலாம். கஞ்சியும் ரீச்சரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். சற்று அளவுக்கு மீறி நன்றாக.

"எனக்கு இதோட தனியக் கதைக்க ஏலுமோ?" என்று பெட்டியைக் காட்டினாள்.

"விதியில இருக்கு. பதினைஞ்சு நிமிசம்." தில்ஹானி எழுந்து வெளியே போனாள்.

வெரோனிக்கா பெட்டிக்குக் கிட்டக் குனிந்தாள். "ஹலோ."

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"வெரோனிக்கா."

"ஓ, அப்படியே? நல்லது, நல்லது. சுகமா இருக்கிறியளோ?"

"இஞ்ச ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான். உண்மையைச் சொல்லு. ஏன் சம்மதிச்சனீ?"

"அதில ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே."

"ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுறன்."

"ஓம் ஓம், விளங்குது. நாங்கள் சந்தோசமா இருக்கிறம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

அது அவளை நம்பவில்லை. அவள் எத்தனையோ அந்நியக் குரல்களுக்கு விரித்த அதே பாயை அது அவளுக்கும் விரித்தது. இந்தக் குரலுக்கு மறுபக்கத்தில் இருப்பது எப்படியிருக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வழுக்கும் பாறையில் நகம் வைப்பதுபோல இருந்தது. அவளுக்கு ஆத்திரம் வந்தது. அண்ணனைப் பற்றி வந்து தன்னை விசாரித்தவர்களுக்கும் இப்படித்தான் ஆத்திரம் வந்திருக்கும் என்று தோன்றியபோது வெட்கமாக இருந்தது.

"சந்தியோகுவை உனக்குத் தெரியுந்தானே? எங்கட அண்ணா."



"கோப்பில கிடக்கிற பேரோ? எனக்கு அப்படி ஒருத்தரையும் தெரியாது."

"பொய் சொல்லாத."

"உண்மையாத்தான். எனக்குக் கூடப்பிறந்தவை ஒருத்தரும் இல்லை."

அது பொய்யில்லை. இருபது வருடத்தில் அவள் ஒரு தடவைகூடப் போனில் அவன் பெயரைச் சொன்னதில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த அந்தப் பெட்டிக்குள், அண்ணனே இல்லாத ஒரு வெரோனிக்கா நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தாள். நாடு அவளைத்தான் கேட்டது. அவளுடைய விருப்பத்தைத்தான் எண்ணியது. முதலில் நீ யார் என்று கேட்டால் அவளிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. கதிரையில் இருந்த வெரோனிக்காவிடம் இல்லை. யாரோ கேட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் மட்டுமே அந்தக் கேள்வி அவளுக்கு வந்திருக்கிறது. தனியாக இருந்து அதைத் தனக்கே கேட்டுப் பார்த்ததில்லை.

தில்ஹானி திரும்பி வந்து அமர்ந்தாள். வெரோனிக்காவின் முகத்தைப் பார்த்தாள். பெட்டியை அணைத்தாள்.

"அக்கா, பிரதி பிழையெண்டு சொன்னா மட்டும் போதாது. நீங்க ஒரு காரணம் சொல்லணும். கோப்பில சாட்சி இல்ல. புதுசா ஏதும் இருந்தா நான் எழுதுறேன். இல்லாட்டி..." அவள் நிறுத்தினாள். பிறகு மெதுவாக, மிகவும் அன்பாகக் கேட்டாள்: "உங்க அண்ணாவுக்கு என்ன நடந்தது?"

வெரோனிக்காவிடம் அன்றைக்கும் இப்படித்தான் கேட்டார்கள். இதே மாதிரி, மிகவும் அன்பாக.

எழுந்து போய்விடலாம். யூஜின் ஒன்றும் கேட்கமாட்டான். நாளைக்கு நண்டு உடைக்கலாம். பதினான்காம் நாள் முடிந்ததும் எங்கேயோ ஒரு குளிர் அறையில் ஒரு குழாயை எடுத்து ஊற்றுவார்கள். அவ்வளவுதான்.

"எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு," என்றாள்.

தில்ஹானி தட்டச்சுப் பலகையில் கை வைத்தாள். வெரோனிக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா தண்ணிக்குப் போயிருந்தவா. மோட்டச்சைக்கிள்ள ரெண்டு பேர் வந்தவங்கள். தமிழிலதான் கேட்டவங்கள். தங்கச்சி, அண்ணா எங்க நிக்கிறார், அவருக்கு ஒரு வேலை வந்திருக்கு எண்டு. ஒருத்தன் எனக்கு இனிப்பு ரொபி ஒண்டு தந்தவன். அண்ணா ஒரு மாதமா ஒளிச்சிருந்தவர். ஆருக்குப் பயந்தெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. ரெண்டு பக்கத்துக்கும் பயந்திருப்பார். நான் வேலை எண்டதும் சந்தோசப்பட்டன். கடற்கரை வாடியில, வலைக்குப் பின்னால நித்திரை கொள்ளுறார் எண்டு சொன்னன். நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன்."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"கேக்கவே இல்லை. கை நீட்டி அடிக்கவும் இல்லை. படிவத்தில நேரில் கண்ட சாட்சி எண்டிற இடத்தில இல்லையெண்டு அம்மாதான் எழுதினவா. பதினெட்டு வருசம் கூடாரத்தில இருந்தவா. ஒரு சாட்சி இருந்தால் கோப்பு நகரும் எண்டு ஆயிரம் பேர் சொன்னவை. அம்மா வாய் திறக்கேல்ல. என்னைக் காப்பாத்தத்தான். மகனைத் தேடிக்கொண்டு மகளை ஒளிச்சு வைச்சவா." வெரோனிக்கா மூச்சை இழுத்தாள். "எழுதுங்கோ. நேரில் கண்ட சாட்சி, வெரோனிக்கா. ரெண்டு பேரின்ர முகமும் ஞாபகம் இருக்கு. இப்ப கண்டாலும் சொல்லுவன்."

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். எதற்கென்று தெரியவில்லை. மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கா? வெளியில் ஒரு காகம் கத்தியது. வேறொன்றும் நடக்கவில்லை. உடம்பிலிருந்து பாரம் இறங்கும் என்று சொல்வார்கள். அப்படியும் ஒன்றும் இறங்கவில்லை. தவறான ஆளிடம் சொல்லிவிட்டேனோ என்ற எண்ணம்தான் முதலில் வந்தது.

தில்ஹானி முழுவதையும் எழுதி வாசித்துக் காட்டினாள். ஒரு சொல்லையும் மாற்றியிருக்கவில்லை. பிறகு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நான்கு வினாடி. தில்ஹானியின் முகம் மாறியது.

"என்ன மிஸ்?"

தில்ஹானி திரையைத் திருப்பிக் காட்டினாள். அதில் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு வரி. "அதிகாரியின் கருத்து: சாட்சியம் நம்பத்தகுந்ததல்ல. ஆட்சேபனையை நிராகரிக்கலாம்."

வெரோனிக்கா எழுந்துவிட்டாள். "நல்லா இருக்கு. நல்லாக் கதை கேட்டீங்கள். இதுக்குத்தானே அம்மாவின்ர கஞ்சிக் கதையும் சொன்னனீங்கள்."

"அக்கா, நான் எழுதல்ல."

"அதிகாரி எண்டு கிடக்கே. இஞ்ச வேற ஆர் அதிகாரி?"

"நான்தான். ஆனா நான் எழுதல்ல." தில்ஹானியின் தமிழ் தடுமாறியது. "அதிகாரி லஞ்சம் எடுக்கக் கூடாது, பக்கம் சாயக் கூடாது எண்டு எங்க கருத்தையும் எங்க பிரதிகிட்டத்தான் கேக்கிறது. என்ர பிரதி சொல்லியிருக்கு."

"உங்கட பிரதி ஏன் அப்படிச் சொல்லுது?"

தில்ஹானி கீழுதட்டைக் கடித்தாள். "அண்ணா ஆமியில. அவர்கிட்டப் போன்ல கதைக்கும்போது, இவங்க எல்லாரும் பொய் சொல்றாங்க, நான் நம்பிறதில்ல எண்டுதான் சொல்லுவேன். மேலதிகாரிகிட்டயும் அப்படித்தான். இல்லாட்டி என்னை இங்க வேலைக்கு வைச்சிருப்பாங்களா?" பிறகு, "என்ர பிரதியை நான் ஒருநாளும் கேட்டுப் பாக்கல்ல," என்றாள். "பயம்."

வெரோனிக்கா நின்றுகொண்டே அவளைப் பார்த்தாள். இது உண்மையாக இருக்கலாம். வலையின் இரண்டாவது மடிப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளிடம் ஒரு வழியும் இருக்கவில்லை.

"இப்ப என்ன செய்யிறது?"

"ஒரு வழி இருக்கு." தில்ஹானி மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தாள். பொதுமக்களுக்குக் கொடுக்கும் அதே ஆட்சேபனைப் படிவம். "அதிகாரி தன்ர பிரதிக்கு ஆட்சேபனை குடுத்தா, அதை விசாரிச்சு முடியிற வரைக்கும் அவங்க பார்த்த கோப்பு ஒண்டையும் மூட ஏலாது. உங்கடது மட்டுமில்ல. என்கிட்ட நூத்துப் பன்னிரண்டு கோப்பு இருக்கு."

"ஆராவது அப்படிக் குடுத்தவையோ?"

"இல்ல."

"குடுத்தால் உமக்கு என்ன நடக்கும்?" 'மிஸ்' எப்போது 'நீர்' ஆனாள் என்று வெரோனிக்காவுக்கே தெரியவில்லை.

"தெரியாது. அண்ணா கதைக்க மாட்டார். அது நிச்சயம்." அவள் படிவத்தின் மேல் கையை வைத்துத் தடவினாள். "இதுக்கு ஒராள் முன்னால இருந்து கேக்கணும் அக்கா. அதிகாரியா இருக்கக் கூடாது. பொதுமகன் ஒராள். நான் சொல்றதைக் கேட்டுக் கையெழுத்து வைக்கணும்."

அவள் எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த பிளாஸ்ரிக் கதிரையில் அமர்ந்தாள். தன் இடத்தை வெரோனிக்காவுக்குக் காட்டினாள். வெரோனிக்கா தயங்கினாள். இத்தனை வருடமும் அவள் மேசையின் எந்தப் பக்கத்தைப் பார்த்துப் பயந்தாளோ, அந்தப் பக்கத்துக் கதிரை. சுழலும் கதிரை. இருந்ததும் சற்றுத் திரும்பியது. மேசையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

எதிரில் இருந்தவள் இப்போது வெகு சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெரோனிக்கா பேனையைத் திறந்தாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? அன்பாகக் கேட்கக் கூடாது என்று மட்டும் நினைத்தாள். அன்பாகக் கேட்பவர்களை அவளுக்குத் தெரியும்.

"சொல்லும் பிள்ளை," என்றாள் கரகரத்த குரலில். "என்ர அண்ணாவைப் பற்றி நான் சொன்னதை நீர் நம்புறீரோ, இல்லையோ?"

தில்ஹானி பதில் சொல்ல வாய் திறந்தாள். திறந்தவள் சொல்லாமல், கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலால் கதவைப் பார்த்தாள். அது சாத்தித்தான் இருந்தது. அப்படியிருந்தும் ஒருமுறை பார்த்தாள். பிறகு யன்னலை, ஒட்டுக் கேட்க யாரும் நிற்கிறார்களா என்பதுபோல.

அப்போதுதான் வெரோனிக்கா அவளை நம்பினாள்.